அறைக்குள் நுழைந்த சட்டம் – 6: வின்செஸ்டர் தீர்ப்பும் வுல்ஃபெண்டன் குழுவும்

1954 மார்ச் 24 அன்று, தெற்கு இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் மூன்று ஆண்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர் பிரபு, ஒருவர் நிலக்கிழார், ஒருவர் பத்திரிகையாளர். ஆண்களோடு உறவு கொண்டார்கள், அதற்குத் தூண்டினார்கள், சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் அதன் பிறகும் பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஆனால் அதன் அடித்தளம் ஆட்டம் கண்டது அன்றைக்குத்தான்.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1533இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், அதுவரை திருச்சபையின் விசாரணையில் இருந்த ஒரு பாவம் அரசின் சட்டப்படி தூக்குக்குரிய குற்றமானது. 1861இல் தூக்கு போய் ஆயுள்தண்டனை வந்தது. 1885இல் ஹென்றி லபூஷேர் என்ற எம்.பி. ஒரு மசோதாவில் கடைசி நேரத்தில் நுழைத்த திருத்தம், ஆண்களுக்கு இடையிலான எந்தப் பாலியல் நெருக்கத்தையும், அது மூடிய அறைக்குள் நடந்தாலும், இரண்டு ஆண்டுச் சிறைக்குரியதாக்கியது. பத்தே ஆண்டுகளில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் அதற்குப் பலியானார்.

இதற்கிடையே இந்தச் சட்டம் கப்பலும் ஏறியிருந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவாகவும், இலங்கையின் தண்டனைக் கோவையில் 365ஆம் பிரிவாகவும் அது குடியேறியதை முந்தைய பகுதிகளில் பார்த்தோம். இப்போது சட்டம் பிறந்த ஊருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

எண்கள் ஏறிய காலம்

1931ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறையின் கணக்குக்கு வந்த தன்பாலுறவுக் குற்றங்கள் 622. 1955இல் அதே கணக்கு 6,644.

இருபத்துநான்கு ஆண்டுகளில் மனித இயல்பு பத்து மடங்கு மாறிவிடாது. மாறியது காவல்துறையின் கவனம். போர் முடிந்திருந்தது. இடிந்த வீடுகளைக் கட்டி எழுப்பிய அரசு, குடும்பம் என்ற அமைப்பையும் சேர்த்துக் கட்டி எழுப்ப விரும்பியது. 1951 மே மாதத்தில் கை பர்ஜஸ், டொனால்ட் மக்லீன் என்ற இரண்டு வெளியுறவுத் துறை அதிகாரிகள் சோவியத் பக்கம் ஓடிப்போனார்கள். பர்ஜஸ் தன்பாலீர்ப்பாளர் என்பது தெரிந்த விஷயம். இத்தகைய ஆண்கள் ஒழுக்கத்துக்கு மட்டுமல்ல, நாட்டின் பாதுகாப்புக்கும் ஆபத்து என்ற பேச்சு அதிலிருந்து வலுத்தது. 1952இல் சண்டே பிக்டோரியல் என்ற வார இதழ், தீய மனிதர்கள் என்று இவர்களைத் தலைப்பிலேயே குறிப்பிட்டு ஒரு தொடர் வெளியிட்டது.

அரசு மேலிருந்து கட்டளையிட்டு நடத்திய வேட்டையா இது, ஆங்காங்கே இருந்த காவல் அதிகாரிகளின் உற்சாகமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பிடிபட்டவர்களுக்கு அந்த வேறுபாட்டால் எந்தப் பயனும் இல்லை. 1954 இறுதியில் இந்தக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஆண்கள் 1,069 பேர்.

கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் கதையும் இந்த ஆண்டுகளுக்குள்தான் வருகிறது. மான்செஸ்டருக்கு அருகே தன் வீட்டில் திருட்டு நடந்துவிட்டது என்று 1952 தொடக்கத்தில் போலீசிடம் போனவர் அவர்தான். விசாரணையின் போக்கில் அவருக்கு ஓர் இளைஞரோடு உறவு இருந்தது வெளிவந்தது. புகார் கொடுக்க வந்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசிகளை ஏற்றுக்கொண்டார். 1954 ஜூன் 7 அன்று இறந்தார். போரில் ஜெர்மனியின் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர் அவர் என்பது அப்போது வெளியுலகுக்குத் தெரியாது. அதனால் அந்த வழக்கு பெரிய சலனம் எதையும் எழுப்பவில்லை.

பத்து பவுண்டு அபராதம்

சலனம் வேறொரு வழக்கில் எழுந்தது.

1953 அக்டோபர் 21 காலை, லண்டன் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றில், முந்தைய இரவு செல்சீ பகுதியின் பொதுக் கழிப்பிடத்தில் மஃப்டி போலீசாரிடம் பிடிபட்ட ஒருவர் நின்றார். பெயர் ஆர்தர் கீல்குட், தொழில் குமாஸ்தா என்று பதிவாகியிருந்தது. பத்து பவுண்டு அபராதம் விதித்த மாஜிஸ்திரேட், டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று அறிவுரையும் சொன்னார்.

நீதிமன்றத்தில் இருந்த நிருபர் ஒருவருக்கு அந்தக் குரல் பழக்கமானதாக இருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் குரல் அது. நான்கே மாதங்களுக்கு முன் சர் பட்டம் பெற்றிருந்த நடிகர் ஜான் கீல்குட்தான் அந்தக் குமாஸ்தா. மாலைப் பதிப்பிலேயே செய்தி வந்துவிட்டது.

அப்போது அவர் ஒரு புதிய நாடகத்தின் வெள்ளோட்டத்தில் இருந்தார். லிவர்பூலில் மேடையேற வேண்டும். ரசிகர்கள் கூச்சலிட்டு விரட்டுவார்கள் என்ற பயத்தில் பக்கத்திரைக்குப் பின்னால் உறைந்து நின்றவரை, மூத்த நடிகை சிபில் தோர்ன்டைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒரு நடிகருக்கு அவருடைய ரசிகர்கள் காட்டிய பிரியம் இது என்று அன்று ஒதுக்கிவிட முடிந்தது. ஆறு மாதத்துக்குள் அதேபோன்ற இன்னொரு காட்சி நீதிமன்ற வாசலில் நடந்தபோது அப்படி ஒதுக்க முடியவில்லை.

பியூலி வழக்கு

பியூலி எஸ்டேட்டின் பிரபு எட்வர்ட் மாண்டேகுவுக்கு அப்போது வயது இருபத்தேழு. 1953 டிசம்பரில் ஒரு வழக்கில் அவர் விசாரிக்கப்பட்டார். ஒரு குற்றச்சாட்டில் விடுதலை கிடைத்தது. இன்னொன்றில் ஜூரியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். 1954 ஜனவரி 9 அன்று அவரை மீண்டும் கைது செய்தார்கள். இம்முறை அவருடைய உறவினர் மைக்கேல் பிட்-ரிவர்ஸ், டெய்லி மெயிலின் ராஜதந்திர விவகார நிருபர் பீட்டர் வைல்ட்பிளட் ஆகியோரும் சேர்த்துப் பிடிக்கப்பட்டார்கள்.

வழக்கின் அச்சாணி இரண்டு விமானப்படை வீரர்கள். 1952 கோடையில் பியூலியின் கடற்கரைக் குடில் ஒன்றில் நடந்ததாகச் சொல்லப்பட்ட விருந்துதான் வழக்கின் தொடக்கம். சட்டப்படி பார்த்தால் அந்த இருவரும் சம அளவில் குற்றவாளிகள். அவர்களை அப்ரூவராக்கி, தண்டனை இல்லை என்று உறுதி கொடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது அரசுத் தரப்பு. குறுக்கு விசாரணையில், அவர்களுக்கு வேறு ஆண்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு தொடர்பு இருந்தது வெளிவந்தது. அந்த ஆண்களில் ஒருவர்மீதும் வழக்கு இல்லை. அரசுக்கு வேண்டியிருந்தது இந்த மூன்று பேர்தான்.

சதி என்ற குற்றச்சாட்டும் சேர்க்கப்பட்டது. ஆஸ்கர் வைல்டின் வழக்குக்குப் பிறகு இத்தகைய வழக்கில் அது பயன்பட்டது அதுவே முதல்முறை. ஆதாரமாகக் கடிதங்கள் வாசிக்கப்பட்டன. வைல்ட்பிளட் அந்த வீரர்களில் ஒருவருக்கு அன்போடு எழுதியவை அவை. ஒரு பிரபுவும் ஒரு பத்திரிகையாளரும் சாதாரணச் சிப்பாய்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய அவசியம் என்ன என்று அரசு வழக்கறிஞர் திரும்பத் திரும்பக் கேட்டார். வர்க்க எல்லையைத் தாண்டிய நட்பே சந்தேகத்துக்குரியது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. ஜூரிக்கு அது எளிதில் புரிந்த மொழி.

விசாரணை எட்டு நாள் நீடித்தது. அதன் நடுவே, அதுவரை இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் கேட்டுப் பழகாத ஒரு வாக்குமூலம் வந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற வைல்ட்பிளட், தான் தன்பாலீர்ப்பாளர்தான் என்று ஒப்புக்கொண்டார். குற்றச்சாட்டை மறுத்தார், இயல்பை மறுக்கவில்லை. வைல்ட் உட்பட அவருக்கு முன் கூண்டில் நின்றவர்கள் எல்லாம் முதலில் மறுத்தது அந்த இயல்பைத்தான். சட்டம் அதுவரை பயத்தின்மேல் நின்றது. பயப்பட வேண்டிய ஒருவர் ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு அவரிடம் பறிக்க எஞ்சியிருந்தது சுதந்திரம் ஒன்றுதான்.

அதைப் பறித்தார்கள். மாண்டேகுவுக்குப் பன்னிரண்டு மாதம். மற்ற இருவருக்கும் பதினெட்டு மாதம்.

நீதிமன்ற வாசலில் பெருங்கூட்டம் காத்திருந்தது. முதலில் அப்ரூவர் வீரர்களின் கார் வந்தது. கூட்டம் சீறிப் பாய்ந்தது, திட்டியது, காரை அடித்தது. பிறகு தண்டனை பெற்றவர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்ற கார் வந்தது. அவர்கள் தலை குனிந்திருக்க, வெளியே கேட்டது வசை அல்ல. தைரியமாக இருங்கள் என்று குரல் கொடுத்தார்கள், கைதட்டினார்கள். வைல்ட்பிளட் மறு ஆண்டு எழுதிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் கூட்டம் தன்பாலீர்ப்பை ஏற்றுக்கொண்ட கூட்டம் என்று சொல்லிவிட முடியாது. அங்கிருந்த பலருக்கும் அதன்மேல் அருவருப்பே இருந்திருக்கும். அவர்களைக் கோபப்படுத்தியது வழக்கு நடத்தப்பட்ட விதம். கூட இருந்தவனையே காட்டிக் கொடுக்க வைத்து, தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் தண்டித்தது அரசு. ஒரு சமூகம் தன் ஒழுக்க விதியை முழுமையாக நம்பிக்கொண்டே, அந்த விதியைக் காக்கும் கருவிகளைக் கண்டு முகம் சுளிக்க முடியும் என்பது வின்செஸ்டரில் வெளிப்பட்டது.

திருச்சபை பிரித்த கோடு

நான்கு நாள் கழித்து, மார்ச் 28 அன்று, சண்டே டைம்ஸ் தலையங்கம் சட்டத்தையும் பாசாங்கையும் ஒரே மூச்சில் பேசியது. நாட்டின் மரபான, மரியாதைக்குரிய இதழ் ஒன்று இந்தச் சட்டம் மறுபரிசீலனைக்கு உரியது என்று எழுதியது அரசியல் வட்டாரத்தில் கவனம் பெற்றது.

அதைவிட எதிர்பாராத உதவி திருச்சபையிலிருந்து வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்க நலக் கழகம் அதே ஆண்டு தொடக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற குருவானவர். தன்பாலுறவு பாவம் என்ற நிலையிலிருந்து அவர்கள் இம்மியும் நகரவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்கள். பிறன்மனை நாடுவதும் பாவம்தான், அதற்குச் சிறை இல்லை. திருமணத்துக்கு வெளியிலான உறவும் பாவம்தான், அதற்கும் சிறை இல்லை. இரண்டு பெண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்க 1921இல் நடந்த முயற்சியைப் பிரபுக்கள் சபையே நிராகரித்தது. இப்படியிருக்க, இந்த ஒரு பாவத்துக்கு மட்டும் ஏன் போலீஸ்?

நானூறு ஆண்டுகளுக்கு முன் திருச்சபையின் கையில் இருந்த பாவத்தை அரசு எடுத்துக்கொண்டது. இப்போது அதைத் திரும்பக் கேட்டதும் திருச்சபையின் ஆட்கள்தான். பாவமும் குற்றமும் ஒன்றல்ல என்ற இந்த வாதம், விதியை நேரடியாக எதிர்க்கவே இல்லை. அதனால்தான் அது நுழைய முடிந்தது. விதியை நம்புகிறவர்களும் கூச்சமின்றி ஏற்கக்கூடிய வாதமாக அது இருந்தது.

ஏப்ரல் 28 அன்று மக்கள் சபையில் கன்சர்வேடிவ் உறுப்பினர் ராபர்ட் பூத்பியும் லேபர் உறுப்பினர் டெஸ்மண்ட் டோனலியும் இந்தச் சட்டத்தை ஆராய ராயல் கமிஷன் ஒன்றை அமைக்கக் கேட்டார்கள்.

பதில் சொல்ல வேண்டியவர் உள்துறை அமைச்சர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப். நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்களைக் குறுக்கு விசாரணை செய்து புகழ் பெற்றவர். இளைஞர்களைக் கெடுப்பவர்கள், பிறருக்கு ஆபத்தானவர்கள் என்று தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி நாடாளுமன்றத்திலேயே பேசியவர். பிரதமர் சர்ச்சிலுக்கோ இந்த விஷயத்தில் கை வைக்கவே விருப்பமில்லை. இத்தகைய வழக்குகளின் விவரங்களைப் பத்திரிகைகள் வெளியிடாமல் தடுத்தால் போதும் என்பது அவர் யோசனை.

மேக்ஸ்வெல் ஃபைஃப் நடுவழி ஒன்று கண்டார். ராயல் கமிஷன் வேண்டாம், துறை அளவிலான ஒரு குழு போதும். தனியாகவும் வேண்டாம், லண்டன் தெருக்களில் பாலியல் தொழில் பெருகிவிட்டது என்ற புகாரையும் சேர்த்து அதே குழு ஆராயட்டும். தன்பாலுறவைச் சட்டபூர்வமாக்கியவன் என்று வரலாற்றில் பெயர் வாங்கத் தான் தயாரில்லை என்று அவர் தன்னிடம் சொன்னதாகப் பூத்பி பின்னாளில் எழுதினார்.

ஹன்ட்லியும் பாமரும்

1954 ஆகஸ்டில் குழு அமைந்தது. தலைவர் ரெடிங் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜான் வுல்ஃபெண்டன். அதற்கு முன் இரண்டு புகழ்பெற்ற பள்ளிகளின் தலைமையாசிரியர். தலைவரையும் சேர்த்து உறுப்பினர்கள் பதினைந்து பேர். நீதிபதி, வழக்கறிஞர்கள், எம்.பி.க்கள், மனநல மருத்துவர், இறையியல் பேராசிரியர், ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசு வழக்கறிஞர், மூன்று பெண்கள். இடையில் இருவர் விலகிப் பதின்மூன்றாயிற்று. வுல்ஃபெண்டனின் மூத்த மகன் ஜெரமி தன்பாலீர்ப்பாளர் என்பதும், அது தந்தைக்குத் தெரிந்தே இருந்தது என்பதும் ஜெரமியின் வாழ்க்கையை எழுதியவர் தரும் செய்தி.

கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடந்தன. குழுவின் கடிதங்களைத் தட்டச்சு செய்த பெண்களின் கண்ணில் கூச்சமான சொற்கள் படக் கூடாது என்பதற்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் என்பது அன்று ரெடிங் நகரில் பெயர் பெற்றிருந்த பிஸ்கட் கம்பெனி. அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்தார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் ஹன்ட்லி, பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பாமர். நாட்டின் சட்டத்தை மாற்ற உட்கார்ந்தவர்களுக்கே பேசப்படும் பொருளின் பெயரை எழுத முடியாத நிலை. அந்தக் காலத்தின் மௌனம் எவ்வளவு கெட்டியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மொத்தம் 62 நாள் கூடினார்கள். அதில் 32 நாள் சாட்சிகளைக் கேட்டார்கள்.

லண்டனின் இளம் கான்ஸ்டபிள்கள் வந்து, மஃப்டியில் இரவு நேரங்களில் பொதுக் கழிப்பிடங்களைக் கண்காணிக்கும் தங்கள் அன்றாட வேலையை விவரித்தார்கள். மருத்துவர்கள் வந்தார்கள். இது நோய் என்றும், குணப்படுத்தலாம் என்றும், குணப்படுத்த முடியாது என்றும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்ட குழு கடைசியில் வந்த முடிவு துணிச்சலானது. மற்ற எல்லா வகையிலும் மன நலத்தோடு வாழும் ஒருவரை, இந்த ஒரே காரணத்தால் நோயாளி என்று சொல்ல முடியாது என்று குழு எழுதியது. அதே சமயம் சிகிச்சை முறைகளை மேலும் ஆராய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இரண்டு கால்களை இரண்டு படகில் வைத்த நிலைதான். காலம் அவர்களை அதற்கு மேல் விடவில்லை.

மிரட்டிப் பணம் பறிப்பது பற்றிய கணக்கு குழுவை அசைத்தது. 1950 முதல் 1953 வரை காவல்துறைக்கு வந்த இத்தகைய மிரட்டல் புகார்கள் 71. அவற்றில் 32 தன்பாலுறவு தொடர்பானவை. புகார் கொடுத்தால் டூரிங்கைப் போலத் தானே கூண்டில் ஏற நேரும் என்று தெரிந்தும் போலீசிடம் போனவர்களின் எண்ணிக்கை அது. போகாதவர்கள் எத்தனை பேர் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

சம்பந்தப்பட்டவர்களையே கேட்பதா என்பது குழுவுக்குள் விவாதத்துக்குரியதாக இருந்தது. இறுதியில் மூன்று பேர் 1955இல் குழுவின் முன் உட்கார்ந்து தங்களைப் பற்றிப் பேசினார்கள். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியக இயக்குநர் கார்ல் வின்டர், கண் மருத்துவர் பேட்ரிக் டிரெவர்-ரோப்பர் ஆகிய இருவரும் சொந்தப் பெயரை மறைத்து வந்தார்கள். மூன்றாமவருக்கு மறைக்க எதுவும் இல்லை. சிறையிலிருந்து சில வாரங்களுக்கு முன் வெளியே வந்திருந்த பீட்டர் வைல்ட்பிளட் அவர்.

மூன்று பேரும் சாட்சியம் அளித்த தோரணை ஒன்றுதான். நாங்கள் மரியாதையாக வாழ்கிறோம், உழைக்கிறோம், யாரையும் தொந்தரவு செய்வதில்லை, எங்களை எங்கள் வீட்டில் விட்டுவிடுங்கள். குழுவின் மனதில் இந்தச் சித்திரம் ஆழமாகப் பதிந்தது. சொந்த வீடும் படிப்பும் பதவியும் உள்ள, அடக்கமான ஆண். வாடகை அறையை இன்னும் இரண்டு பேரோடு பங்கிட்டுக்கொண்ட தொழிலாளிக்கோ, கழிப்பிடங்களில் போலீசிடம் பிடிபட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ அந்தச் சித்திரத்தில் இடமில்லை. பாலியல் தொழில் பற்றி ஆராய்ந்த அதே குழு, அத்தொழிலில் இருந்த ஒரு பெண்ணையும் நேரில் அழைத்துக் கேட்கவில்லை.

ஐந்து ஷில்லிங் அறிக்கை

1957 செப்டம்பர் 4 அன்று அறிக்கை வெளியானது. விலை ஐந்து ஷில்லிங். முதலில் அச்சிட்ட 5,000 பிரதிகள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. அரசு வெளியீடு ஒன்றுக்கு மக்கள் வரிசையில் நின்றது அபூர்வம்.

பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்ட பரிந்துரை இது: வயது வந்த இரண்டு ஆண்கள் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு இனிக் குற்றமாகாது. பொது ஒழுங்கைக் காப்பதும், சுரண்டலிலிருந்து எளியவர்களைக் காப்பதும் சட்டத்தின் வேலை. குடிமக்களின் அந்தரங்க வாழ்க்கையில் தலையிட்டு ஒரு குறிப்பிட்ட நடத்தையைத் திணிப்பது சட்டத்தின் வேலை அல்ல என்று குழு சொன்னது. தனிமனித ஒழுக்கத்தின் ஒரு பகுதி சட்டத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தே தீர வேண்டும் என்ற கருத்து, அரசு ஆவணம் ஒன்றில் இவ்வளவு தெளிவாக இடம்பெற்றது பெரிய திருப்பம்.

இதன் எதிரொலி நெடுந்தூரம் கேட்டது. 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் ஏ.பி.ஷா, எஸ்.முரளிதர் அமர்வு 377ஆம் பிரிவைக் குறுக்கித் தீர்ப்பளித்தபோது இந்த அறிக்கையையும் எடுத்துப் பேசியது. ஷா அதற்குச் சற்று முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். முரளிதர் சென்னையில் வழக்கறிஞராகத் தொடங்கியவர். அவர்கள் வுல்ஃபெண்டனைத் தாண்டி, சமத்துவம், கண்ணியம் என்ற அரசியலமைப்பு மொழிக்கு நகர்ந்தார்கள். அது பின்னால் வரும் பகுதிகளுக்கான விஷயம்.

1957இன் அறிக்கையில் கண்ணியம் பற்றிய பேச்சு இல்லை. வயது வரம்பு இருபத்தொன்று. பெண்ணோடு உறவு கொள்ளப் பதினாறே போதும் என்றிருந்த நாட்டில், பதினெட்டு வயதில் கட்டாய ராணுவ சேவைக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களைப் பற்றிய பெற்றோரின் கவலை இந்த எண்ணைத் தீர்மானித்தது. பொது இடத்தில் பிடிபடுபவர்களுக்குத் தண்டனை அப்படியே இருந்தது. இது ஒழுக்கக்கேடுதான் என்ற பொதுக்கருத்தோடு குழு மோதவே இல்லை. ஒழுக்கக்கேடாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கதவுக்கு உள்ளே இருக்கட்டும் என்றுதான் எழுதியது.

ஒப்புக்கொள்ளாத அந்த ஒருவர், ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் அடேர். சட்டத்தை நீக்கினால் அரசே இதை அங்கீகரித்துவிட்டது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் தன் மறுப்பில் எழுதினார். அவர் முடிவை ஏற்க முடியாது. ஆனாலும் சட்டத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் உள்ள பிணைப்பை மற்ற பன்னிரண்டு பேரைவிட அவர் தெளிவாகப் பார்த்தார். தண்டனை போய்விட்டால் விதி பழையபடி நிற்காது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அதே மனிதர், அதே பதில்

அறிக்கை மீதான முதல் பெரிய விவாதம் 1957 டிசம்பர் 4 அன்று பிரபுக்கள் சபையில் நடந்தது. கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் பரிந்துரையை ஆதரித்தார். பாவம் வேறு, குற்றம் வேறு என்ற கோட்டை நாட்டின் தலைமைக் குருவே வழிமொழிந்தார்.

அரசின் சார்பில் பதில் சொல்ல எழுந்தவர் பிரபுக்கள் சபையின் தலைவர், லார்டு சான்சலர் கில்முயர். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப். குழுவை நியமித்தவரே, மூன்று ஆண்டுக்குப் பின் பிரபுவாகி வந்து அதன் அறிக்கைக்குப் பதில் சொன்னார். சமூகத்தின் பொது உணர்வு குழுவின் பக்கம் இல்லை என்று அரசு கருதுகிறது, உடனடியாகச் சட்டம் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்றார்.

பாலியல் தொழில் பற்றிய பாதிக்கு இந்தத் தயக்கம் எழவில்லை. தெருவில் நிற்கும் பெண்களைப் பிடிப்பதைப் போலீசுக்கு எளிதாக்கிய தெருக்குற்றச் சட்டம் 1959இலேயே நிறைவேறியது. ஒரே குழு, ஒரே அறிக்கை. தண்டனையைக் கூட்டச் சொன்ன பாதி இரண்டு ஆண்டுக்குள் சட்டமானது. தண்டனையை நீக்கச் சொன்ன பாதி அலமாரிக்குள் போனது.

கில்முயரின் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. கருத்துக்கணிப்புகளில் எதிர்ப்பே ஓங்கியிருந்தது. சில பத்திரிகைகள் அறிக்கையைக் கேவலமாகத் தாக்கின. மக்கள் தயாரில்லை என்றால் தயார்ப்படுத்த வேண்டும். அதற்கு யாராவது வெளியே வந்து பேச வேண்டும். பேசுபவர் பாதிக்கப்பட்டவர் என்றால், அவர் வாயைத் திறப்பதே போலீசுக்கு அழைப்பு.

வேல்ஸின் பாங்கோர் நகரில் ஆங்கில விரிவுரையாளராக இருந்த ஏ.இ.டைசன் இதற்கு ஒரு வழி யோசித்தார். நாட்டின் பெரிய மனிதர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினார். 1958 மார்ச் 7 அன்று தி டைம்ஸ் நாளிதழில், வுல்ஃபெண்டன் பரிந்துரையை நிறைவேற்றக் கோரி ஒரு கடிதம் வெளியானது. முன்னாள் பிரதமர் அட்லி, தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், எழுத்தாளர் ஜே.பி.பிரீஸ்ட்லி, இரண்டு ஆயர்கள் என்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். இந்தச் சட்டத்தால் என் வாழ்க்கை இப்படியாயிற்று என்று சொல்லி அதில் கையெழுத்திட்டவர் ஒருவரும் இல்லை. இரண்டு மாதத்தில் தன்பாலீர்ப்புச் சட்டச் சீர்திருத்தச் சங்கம் உருவானது.

நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை, ஊரில் ஆதரவு இல்லை, யாருக்காகப் போராடுகிறார்களோ அவர்கள் பெயர் சொல்லி மேடையேறவும் முடியாது. இப்படி ஒரு சங்கம், மக்கள் தயாரில்லை என்று சொல்லிவிட்ட ஓர் அரசை எதைக் கொண்டு நகர்த்தும்?

(தொடரும்)